நான் அடித்த ஆப்பு

(சிவில் இன்ஜினியரிங், இரண்டாம் ஆண்டு மாணவன் எழுதும் கட்டுரை)

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது முதலில் கவிதை எழுதலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் என் மனசில் ஆறு மாதமாக ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதைக் கவிதையில் சொன்னால் மழுப்பலாகப் போய்விடும். அளவும் கணக்கும் வைத்துச் சொல்ல வேண்டிய விஷயம் அது. அதனால் கட்டுரையாகவே எழுதுகிறேன்.

எங்க ஊர் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கிழக்கே இருக்கிற ஒரு மீனவர் குப்பம். அப்பா ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். அம்மா கரையில் ஏலம் எடுத்துக் கூடையில் மீன் விற்கிறவர். எங்க குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்த அன்று அப்பா ஊர் முழுக்க "பையன் இன்ஜினியருக்குப் படிக்கிறான்" என்று சொல்லிவிட்டு வந்தார். டிப்ளமாவுக்கும் இன்ஜினியருக்கும் உள்ள வித்தியாசத்தை நானும் அவருக்கு விளக்கவில்லை.

போன கோடை விடுமுறையில், ஊருக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கிளப் வரப்போகிறது, சர்வே வேலைக்கு ஆள் வேண்டும் என்று ஒரு காண்ட்ராக்டர் வந்தார். "தம்பி, நீ சிவில்தானே? ஸ்டாஃப் பிடிக்கத் தெரியுமா?" என்று கேட்டார். ஒரு நாளைக்கு 550 ரூபாய். பன்னிரண்டு நாள் வேலை பார்த்தேன். 6,600 ரூபாய் கையில் வந்தது. அதில் பரீட்சைக் கட்டணம் கட்டினேன், ஒரு சயின்டிஃபிக் கால்குலேட்டர் வாங்கினேன். முதல் சம்பளம் என்று அம்மாவுக்குப் புடவையும் எடுத்தேன்.

அந்தப் பன்னிரண்டு நாளில் சார் காட்டிய இடத்தில் எல்லாம் ஆப்பு அடித்தது நான்தான். இரண்டு மாதம் கழித்து அந்த ஆப்பு வரிசை மேலேயே கம்பி வேலி வந்தது. ஊருக்கும் கடலுக்கும் நடுவே நாங்கள் தலைமுறையாக நடந்துபோன மணல் பாதை வேலிக்குள்ளே போய்விட்டது. முன்பு வீட்டிலிருந்து இருநூறு மீட்டரில் கரை. வேலி வந்த பிறகு கோயிலைச் சுற்றி ஒன்றரை கிலோமீட்டர். நான் வாங்கிக் கொடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு, தலையில் மீன் கூடையுடன் அம்மா அந்த ஒன்றரை கிலோமீட்டர் சுற்றி வந்ததைப் பார்த்தபோதுதான், நான் செய்த வேலை என்ன என்று எனக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். கடற்கரை யாருக்குச் சொந்தம்? யார் எங்கே வேலி போடலாம்? நான் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கடற்கரை யார் சொத்து?

கிராம அ-பதிவேட்டை எடுத்துப் பார்த்தால், கடலோர மணல் பரப்பு பெரும்பாலும் புறம்போக்கு என்றுதான் இருக்கும். புறம்போக்கு என்றால் யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது தப்பு. அரசின் பேரில் இருந்தாலும் ஊரின் பொதுப் பயன்பாட்டுக்கு உள்ள நிலம் அது. போட்டை ஏற்றி வைக்கிறதும், வலை உலர்த்துகிறதும், கருவாடு காயப் போடுகிறதும் அங்கேதான்.

இதற்கு மேலே ஒரு பெரிய கொள்கையும் உண்டு. காற்று, ஓடும் நீர், கடல், கடற்கரை ஆகியவை எல்லோருக்கும் பொது என்று 1,500 ஆண்டுகளுக்கு முன்பே ரோமாபுரிச் சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு அதைப் 'பொது நம்பிக்கைக் கோட்பாடு' என்கிறார்கள். அரசாங்கம் இவற்றுக்கு முதலாளி இல்லை, மக்களுக்காகப் பாதுகாத்து வைத்திருக்கிற தர்மகர்த்தாதான் என்பது இதன் பொருள். கோயில் தர்மகர்த்தா கோயில் குளத்தை விற்க முடியாது இல்லையா, அதே மாதிரி. இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் நதிக்கரையில் ஒரு தனியார் விடுதிக்காக ஆற்றின் போக்கையே திருப்பிவிட்ட வழக்கில், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இந்தக் கோட்பாடு நம் நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்தது.

மூன்று அறிவிக்கைகள்

1981-லேயே பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநில முதலமைச்சர்களுக்குக் கடிதம் எழுதினார். உயர் ஓதம் ஏறும் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டடங்கள் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அந்தக் கடிதம்தான் பிறகு சட்டமாக வந்தது. 1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 1991 பிப்ரவரி 19 அன்று கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வெளிவந்தது. எல்லோரும் சி.ஆர்.இசட். என்று சொல்வது இதைத்தான். 2011-ல் அதற்குப் பதிலாகப் புதியது வந்தது. 2019 ஜனவரியில் மூன்றாவது வந்தது.

இதில் கடற்கரையை வகை பிரித்திருக்கிறார்கள். ஆமை முட்டையிடும் இடம், மணல் மேடு, அலையாத்திக் காடு போன்றவை முதல் வகை. ஏற்கனவே கட்டடங்கள் நிறைந்த நகரப் பகுதி இரண்டாம் வகை. கிராமப்புறக் கடற்கரை மூன்றாம் வகை. கடல் நீர்ப்பரப்பு நான்காம் வகை. எங்க ஊர் மாதிரி குப்பங்கள் பெரும்பாலும் மூன்றாம் வகையில் வரும்.

1991, 2011 அறிவிக்கைகளில் மூன்றாம் வகையில் உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை 'கட்டுமானம் கூடாத பகுதி'. 2019-ல் இதை இரண்டாகப் பிரித்தார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் இடத்தில் 200 மீட்டர் 50 மீட்டராகக் குறைந்தது. மற்ற இடங்களில் 200 மீட்டரே தொடர்கிறது. அதோடு, கடற்கரையிலேயே சுற்றுலாவுக்குத் தற்காலிகக் குடில், உடை மாற்றும் அறை, கழிப்பறை, நடைபாதை போன்றவை வைக்கலாம், ஆனால் உயர் ஓதக் கோட்டிலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த இலக்கங்களைக் கொஞ்சம் கவனியுங்கள். 500, 200, 50, 10 என்று எல்லா மீட்டரும் ஒரே கோட்டிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. அந்தக் கோடு தப்பானால் எல்லாமே தப்பு. அந்தக் கோட்டில்தான் நம்ம படிப்பு வருகிறது.

உயர் ஓதக் கோடு என்றால் என்ன?

சர்வே வகுப்பில் பென்ச்மார்க், ரிடியூஸ்டு லெவல் எல்லாம் படித்திருக்கிறோம். கடலிலும் நீர்மட்டம் நிலையாக நிற்பதில்லை. நிலவும் சூரியனும் இழுக்கிற இழுப்பில் தினமும் ஏறி இறங்குகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டின் இழுப்பும் ஒரே நேர்கோட்டில் சேர்வதால் ஏற்றம் அதிகம். அரை நிலா நாட்களில் ஒன்றின் இழுப்பை மற்றது குறைப்பதால் ஏற்றம் குறைவு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் அந்தப் பெரிய ஏற்றத்தில் தண்ணீர் நிலத்தில் எதுவரை ஏறுகிறதோ, அதுதான் சட்டம் சொல்லும் உயர் ஓதக் கோடு. ஏதோ ஒரு நாள் போய்ப் பார்த்தபோது மணல் எதுவரை ஈரமாக இருந்தது என்பது இந்தக் கணக்கில் வராது.

இதை யாராவது ஒரு காண்ட்ராக்டர் தன் இஷ்டத்துக்குக் குறிக்கவும் முடியாது. சென்னையில் உள்ள தேசிய நிலைத்த கடற்கரை மேலாண்மை மையம் குறித்துக் கொடுத்த கோடுதான் செல்லும். ஒரு திட்டத்துக்கு அனுமதி கேட்கிறவர்கள் அந்தக் கோட்டை அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் மூலம் 1:4,000 அளவு வரைபடத்தில் போட்டுக் காட்ட வேண்டும்.

நான் வேலை பார்த்தபோது இது எனக்குத் தெரியாது. சார் ஒரு காலை வந்து, ஈர மணல் முடியும் இடத்தைக் காட்டி, "இதுதான் ஹைடைடு லைன், அடி தம்பி" என்றார். அடித்தேன். என் ஃபீல்டு புக்கில் தேதி இருந்தது. வேலி வந்த பிறகு அந்தத் தேதியை அப்பாவிடம் சொன்னேன். காலண்டரைப் பார்க்காமலே விரலை மடக்கி எண்ணினார். "அன்னைக்கு அஷ்டமிடா. அஷ்டமி நவமில தண்ணி எங்கடா ஏறும்? பௌர்ணமிக்கு வந்து பாரு" என்றார். அஷ்டமி என்றால் அரை நிலா. நான் பாடப் புத்தகத்தில் படித்த நீப் டைடு என்ற விஷயத்தை, நாலாவது வரைக்கும் படித்த என் அப்பா விரல் நுனியில் வைத்திருந்தார்.

அடுத்த பௌர்ணமி இரவு இருவரும் கரைக்குப் போனோம். தண்ணீர் ஏறி ஒதுக்கிய பாசிக் கோட்டிலிருந்து என் ஆப்பு வரைக்கும் டேப் பிடித்தோம். ஆப்பு 8.5 மீட்டர் கடல் பக்கமாக இருந்தது.

எட்டரை மீட்டர் தானே என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். மணற்கரையின் சரிவு 1-க்கு 20 என்று வைத்துக்கொள்வோம். மட்டத்தில் வெறும் அரை மீட்டர் பிசகினால் கோடு தரையில் 10 மீட்டர் நகர்ந்துவிடும். நிலத்தின் கடல் முகப்பு 200 மீட்டர் என்றால் 10 × 200 = 2,000 சதுர மீட்டர். கிட்டத்தட்ட 49 சென்ட், அதாவது அரை ஏக்கர். யாரும் பத்திரம் பதியவில்லை, பணம் கொடுக்கவில்லை. ஒரு ஆப்பை இடம் மாற்றி அடித்ததில் ஊர் சொத்து அரை ஏக்கர் கை மாறிவிடும்.

நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். அலை அடித்து ஏறும் தூரமும், ஓதம் ஏறும் மட்டமும் ஒன்றல்ல. பாசிக் கோட்டில் அலையின் வீச்சும் சேர்ந்திருக்கும். அதனால் நான் அளந்த 8.5 மீட்டர் என்பது தீர்ப்பு இல்லை. ஆனால் அது ஒரு நியாயமான கேள்வி. அதிகாரப்பூர்வ வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் அந்த ஆப்பை அடித்தது தப்பு என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.

வேலி போட்டால் என்ன ஆகும்?

'காலியாகக் கிடக்கிற மணல்தானே, ஒரு கிளப் வந்தால் என்ன?' என்று விடுதியில் ஒரு நண்பன் கேட்டான். அது காலி இடம் இல்லை. தொழில் நடக்கிற இடம். எங்கள் கரையில் வாடைக் காற்றுக் காலத்தில் கடல் மணலைத் தின்றுவிடும். கோடையில் திருப்பிக் கொண்டுவந்து போடும். கோடையில் 60 மீட்டர் அகலம் தெரிகிற கரை மழைக்காலத்தில் பாதியாகிவிடும். அப்போது போட்டையெல்லாம் மேலே இழுத்து ஏற்ற வேண்டும். மேலே வேலி இருந்தால் எங்கே ஏற்றுவது? கோடையில் வந்து அளக்கிறவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரியாது.

மணல் மேட்டைச் சமன் செய்து, கரையை ஒட்டிச் சுவர் கட்டினால் இன்னொரு ஆபத்து. சரிவான மணலில் அலை ஏறிச் சக்தி இழந்து திரும்பும். நேர்ச் சுவரில் மோதினால் அந்தச் சக்தி அப்படியே திரும்பிச் சுவரின் காலடி மணலை அரிக்கும். சுவருக்கு முன்னாலும், சுவர் முடிகிற இடத்துக்கு அடுத்தும் கரை கரையும். அடுத்து இருப்பது பெரும்பாலும் குப்பத்து வீடுகள்தான்.

மூன்றாவது விஷயம் குடிதண்ணீர். கடற்கரை மணலில் கொஞ்ச ஆழத்திலேயே நல்ல தண்ணீர் கிடைப்பது எப்படி? மழைநீர் உப்புநீரை விட எடை குறைந்தது. அதனால் உப்புநீர் மேல் எண்ணெய் மாதிரி மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் 1 மீட்டர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கைபன்–ஹெர்ஸ்பர்க் விதி. இதையே திருப்பிப் போடுங்கள். மோட்டார் வைத்து உறிஞ்சி மேல்மட்டம் ஒரு அடி இறங்கினால், காலப்போக்கில் அடியிலிருந்து உப்பு 40 அடி மேலே வரும்.

இப்போது ஒரு நீச்சல் குளம். 25 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், சராசரி 1.5 மீட்டர் ஆழம். கொள்ளளவு 375 கன மீட்டர், அதாவது 3,75,000 லிட்டர். 15 லிட்டர் பிடிக்கிற குடத்தால் கணக்குப் பார்த்தால் 25,000 குடம். எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குத் தினமும் பத்துக் குடம் தண்ணீர் ஆகும். 2,500 நாள், ஏறக்குறைய ஏழு வருடம் ஒரு குடும்பம் புழங்குகிற தண்ணீர் ஒரு தடவை குளம் நிரப்பினால் போய்விடும். புல்தரைக்கு ஊற்றுவது தனி.

சட்டமும் இதையெல்லாம் யோசிக்காமல் இல்லை. மூன்றாம் வகைக் கடற்கரையில் வரும் தங்கும் விடுதிகளுக்கு உள்ள விதிகளில் சிலவற்றைச் சொல்கிறேன். தரைத்தளமும் ஒரு மாடியும் தவிர மேலே கட்டக் கூடாது. உயரம் 9 மீட்டரைத் தாண்டக் கூடாது. மணல் மேட்டைச் சமன் செய்யக் கூடாது. உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் நிலத்தடி நீர் எடுக்கக் கூடாது. வேலி போட்டால் அது செடிகொடியோடு கூடிய வேலியாக இருக்க வேண்டும், அது மக்கள் கடற்கரைக்குப் போவதை எந்த விதத்திலும் தடுக்கக் கூடாது. இரண்டு விடுதிகளுக்கு நடுவில் மக்கள் கடலுக்குப் போகக் குறைந்தது 20 மீட்டர் அகலத்துக்கு இடைவெளி விட வேண்டும். பெயர் கிளப் என்றாலும் தங்கும் அறை கட்டினால் இந்த விதிகளைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

கோவாவிலும் கேரளாவிலும் நடந்தது

இது எங்கள் ஊருக்கு மட்டும் வந்த பிரச்சினை இல்லை. கோவாவில் பனாஜிக்குப் பக்கத்தில் டோனா பாலாவை ஒட்டி வைங்கினிம் என்ற கடற்கரை இருக்கிறது. அங்கே 1980-களில் ஒரு பெரிய ஹோட்டலுக்காக அரசு நிலம் எடுத்துக் கொடுத்தது. மக்கள் கடற்கரைக்குப் போகிற வழியைத் திறந்து வைக்க வேண்டும் என்பது அப்போதே போட்ட நிபந்தனை. ஆனால் விரிவாக்கம் செய்தபோது ஹோட்டல் கட்டடம் அந்த நிலத்தில் வந்துவிட்டது. ஊர்க்காரர்களும் ஒரு சுற்றுச்சூழல் அமைப்பும் வழக்குப் போட்டார்கள். கடைசியாக 2009 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கடற்கரைக்குப் போகும் வழி பொது உரிமை, பொது நம்பிக்கைக் கோட்பாடு தனியாருக்கு எழுதிக் கொடுத்த நிலத்திலும் பொருந்தும் என்பது அதன் சாரம். பிறகு என்ன நடந்தது தெரியுமா? அந்தக் கட்டடத்தைக் காப்பாற்ற மாநில அரசு நிலமெடுப்புச் சட்டத்தையே திருத்தியது. கோர்ட்டில் ஜெயிப்பது பாதி வேலைதான் என்று இதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

கேரளாவில் வேம்பநாட்டு ஏரியில் நெடியதுருத்து என்ற தீவு. 54 வில்லாக்களோடு ஒரு சொகுசு விடுதி கட்டினார்கள். அங்கே தண்ணீரில் கழி நட்டு வலை கட்டி மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள்தான், எங்கள் வலை போச்சு என்று முதலில் கேட்டார்கள். உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் அந்த விடுதி விதியை மீறியது என்று உறுதி செய்தது. 2022 செப்டம்பரில் இடிப்பு வேலை தொடங்கியது. கோடிக்கணக்கில் கட்டியதை இடிப்பதில் யாருக்கும் சந்தோஷம் இல்லை. ஆரம்பத்தில் கோடு சரியாகப் போட்டிருந்தால் பணமும் மிஞ்சியிருக்கும், வலையும் மிஞ்சியிருக்கும்.

இரண்டு பக்கமும் பேச வேண்டும்

எங்கள் ஊரிலேயே கிளப் வரட்டும் என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்களையும் குறை சொல்ல மாட்டேன். டீசல் விலை ஏறிவிட்டது, மீன்பாடு குறைந்துவிட்டது, கடலுக்குப் போக இளைஞர்களுக்கு விருப்பம் இல்லை. கிளப்பில் வாட்ச்மேன், தோட்ட வேலை, ஹவுஸ் கீப்பிங் என்று எட்டுப் பத்துப் பேருக்கு மாதச் சம்பளம் கிடைத்திருக்கிறது. பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவருக்கு அந்தச் சம்பளத்தை நம்பித்தான் கல்யாணமே நிச்சயமானது. ஆறாயிரத்து அறுநூறு ரூபாய் வாங்கிய நான் அவர்களுக்குப் புத்தி சொல்ல முடியுமா?

ஆனால் ஒரு கேள்வி கேட்கலாம். வேலை கொடுக்கிறோம் என்றால் வழியை மூட வேண்டுமா? பட்டா நிலத்தில், விதிப்படி தள்ளிக் கட்டி, பாதையை விட்டுவிட்டு கிளப் நடத்தினாலும் அந்த எட்டுப் பேருக்கு வேலை இருக்கத்தானே செய்யும்? வேலையா வழியா என்று எங்களையே இரண்டாகப் பிரித்து நிறுத்தியதுதான் எனக்கு வருத்தம்.

கதவு வந்த கதை

ஊர் பஞ்சாயத்தார் கூடினார்கள். நான் ஒரு ஏ-3 தாளில் ஸ்கெட்ச் வரைந்தேன். பழைய பாதை, போட்டு ஏற்றும் இடம், வலை உலர்த்தும் இடம், கருவாடு காயும் இடம், ஊர்க் கிணறு, வேலி, என் ஆப்பு, பௌர்ணமிக் கோடு எல்லாம் அளவோடு போட்டேன். ஆப்பை அடித்தது நான்தான் என்பதையும் கூட்டத்தில் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பெரியவர், "அடிச்சவனே அளவு சொல்றான். இதைவிட வேற சாட்சி எதுக்கு?" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனுக் கொடுத்தோம். அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், அளந்தார்கள். பாதை விட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கோடு எங்கே என்பது வரைபடத்தோடு ஒப்பிட்ட பிறகு முடிவாகும் என்றார்கள். அது இன்னும் முடிவாகவில்லை.

பாதைக்காக கிளப்காரர்கள் வேலியில் ஒரு இரும்புக் கதவு வைத்தார்கள். காலை ஐந்து மணிக்குத் திறப்பார்கள், மாலை ஆறு மணிக்குப் பூட்டுவார்கள். ஊரில் பாதிப் பேர் ஜெயித்துவிட்டோம் என்று சந்தோஷப்பட்டார்கள். அம்மா முதல் நாள் கதவு வழியாகப் போனபோது வாட்ச்மேன் வேலையில் இருந்தது அதே பக்கத்துத் தெரு அண்ணன். அம்மா இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. அவர் தலையைக் குனிந்துகொண்டு, "பெரியம்மா, ரிஜிஸ்டர்ல பேர் எழுதணுமாம்" என்றார். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அவரே எழுதிக்கொண்டார். அன்று இரவு அம்மா சாப்பிடவில்லை. "கடலுக்குப் போக நான் ஏன்டா பேர் சொல்லணும்?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு இவ்வளவு படித்த பிறகு எனக்குப் பதில் தெரிகிறது. பாதை உரிமை. கதவு அனுமதி. அனுமதியைக் கொடுத்தவன் நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம். இரண்டு மணிக்குக் கடலுக்குப் போகிற அப்பாவுக்கு ஐந்து மணிக்குத் திறக்கிற கதவு எதற்கு? அதனால் கதவு வேண்டாம், திறந்த வழி வேண்டும் என்று பஞ்சாயத்தார் இரண்டாவது மனு கொடுத்திருக்கிறார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

கடலோர ஊரிலிருந்து வந்திருக்கிற நண்பர்கள் நம்ம கல்லூரியில் நிறையப் பேர். உங்கள் ஊருக்கும் இது வரலாம். சில யோசனைகள்:

முதலாவது, உங்கள் ஊரின் கடற்கரை மண்டல மேலாண்மை வரைபடத்தைப் பாருங்கள். போட்டு ஏற்றும் இடம், மீன் காயும் இடம், ஊர்ப் பொது இடம் எல்லாம் அதில் குறித்திருக்க வேண்டும். குறிக்காமல் விட்டிருந்தால், அதிகாரியின் கண்ணுக்கு அது காலி மணல்தான். மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும்போது போய் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடும் எஃப்.எம்.பி. படமும் பார்த்து, எது பட்டா, எது புறம்போக்கு என்று தெரிந்துகொள்ளுங்கள். கட்டடத்துக்குக் கொடுத்த அனுமதி நகல் வேண்டுமென்றால் 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்தில் மனுப் போடலாம். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும்.

மூன்றாவது, மாவட்டத்தில் கலெக்டர் தலைமையில் கடற்கரை மண்டலக் குழு உண்டு. மீனவர் உட்படப் பாரம்பரியக் கடலோர மக்களின் பிரதிநிதிகள் குறைந்தது மூன்று பேர் அதில் இருக்க வேண்டும். உங்கள் மாவட்டத்தில் அவர்கள் யார் என்று கேளுங்கள். அதற்கு மேலே மாநில ஆணையமும், சென்னையில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வும் இருக்கின்றன.

நான்காவது நமக்கு மட்டும் உரியது. நாளைக்கு நாம்தான் சைட்டில் நிற்கப் போகிறோம். பெரிய பெரிய தீர்ப்புகள் டெல்லியில் எழுதப்படலாம். ஆனால் ஆப்பு அடிப்பதும், லெவல் புக் எழுதுவதும், ஸ்கெட்ச் போடுவதும் டிப்ளமா படித்த நம்ம கைதான். 'இந்தக் கோடு எந்த வரைபடத்திலிருந்து வந்தது சார்?' என்று ஒரு கேள்வி கேட்டால் வேலை போய்விடுமோ என்று பயமாகத்தான் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். குறைந்தபட்சம் தேதியும் நேரமும் போட்டு ஃபீல்டு புக்கை ஒழுங்காக எழுதி வையுங்கள். என் ஊருக்கு இன்றைக்கு உதவிக்கொண்டிருப்பது அந்த ஒரு பக்கம்தான்.

கால்குலேட்டர் இப்போதும் என் பையில் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் உள்ள கணக்கெல்லாம் அதில் போட்டதுதான். இரண்டாவது மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. வரும் பௌர்ணமிக்கு ஊருக்குப் போகிறேன். இந்த முறை லேப்பில் அனுமதி வாங்கி ஆட்டோ லெவலும் ஸ்டாஃபும் எடுத்துப் போகலாம் என்று சார் சொல்லியிருக்கிறார். ஸ்டாஃப் பிடிக்க அப்பா வருகிறேன் என்றிருக்கிறார். கூட வர விருப்பம் உள்ள நண்பர்கள் சொல்லுங்கள். அம்மா மீன் குழம்பு வைப்பார். கதவு பூட்டுவதற்குள் வந்து சேர்ந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.